முதலில் பிரேக், பிறகு வேகம்: மின் ஸ்கேட்போர்டு கன்ட்ரோலர் அமைப்பில் கண்டவை

சொந்தமாக மின் ஸ்கேட்போர்டு செய்யும் நண்பர்களுக்கு மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஆளும் மோட்டார் கன்ட்ரோலரை அமைத்துக் கொடுக்கும் வேலையைச் சில காலமாகச் செய்து வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, எவ்வளவு வேகம் போகும் என்பதைத்தான். ஆனால் ஸ்கேட்போர்டில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. தனியாக ஒரு பிரேக்கும் கிடையாது. ஓட வைப்பதும் நிறுத்துவதும் அதே மோட்டார்தான், அதை ஆட்டி வைப்பது அதே கன்ட்ரோலர்தான். ஆகவே, மென்பொருளில் எந்த எண்ணைத் தொட்டாலும் அது பிரேக்கை என்ன செய்யும் என்று முதலில் கேட்டுக்கொண்டு, பிறகே வேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கருத்து உருவாகக் காரணமாக இருந்த சில அனுபவங்களை இங்கே எழுதுகிறேன்.

நான் பேசுவது வெஸ்க் வகைக் கன்ட்ரோலர்களைப் பற்றி. சுவீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெட்டர் 2015 வாக்கில் இதன் மின்சுற்று வடிவமைப்பையும் மென்பொருளையும் திறந்த மூலமாக வெளியிட்டார். அதன் பிறகு பலரும் அதே அடிப்படையில் கன்ட்ரோலர்களைத் தயாரிக்கத் தொடங்கியதால், யார் செய்த கன்ட்ரோலராக இருந்தாலும் வெஸ்க் டூல் என்ற ஒரே செயலியில் அமைத்துவிட முடிகிறது.

முதல் வேலை, மோட்டாரைக் கன்ட்ரோலருக்கு அறிமுகப்படுத்துவது. சக்கரங்கள் தரையில் படாமல் போர்டைத் தூக்கி வைத்து, எஃப்.ஓ.சி. என்ற, மோட்டாரைச் சீராகச் சுழற்றும் முறைக்கான கண்டறிதலை ஓட்டினால், மோட்டார் மெல்ல முனகிவிட்டுச் சுழன்று நிற்கும். அந்த நேரத்துக்குள் சுருளின் மின்தடை, மின்தூண்டல், காந்தப் பாயம் ஆகிய மூன்றையும் கன்ட்ரோலர் அளந்துவிடுகிறது. பலர் அந்த எண்களைப் பார்க்காமலேயே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். இடம், வலம் என இரண்டு மோட்டார்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கன்ட்ரோலரும் உள்ள போர்டுகளில், நான் இரு பக்க எண்களையும் தாளில் எழுதி அருகருகே வைத்துப் பார்ப்பேன். ஒரே மாதிரியான இரண்டு மோட்டார்கள் என்றால் எண்களும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் வர வேண்டும்.

ஒரு நண்பரின் போர்டில் இடப்பக்க மோட்டார் 20 மில்லியோமை ஒட்டி மின்தடை காட்டியது. வலப்பக்கம் 35ஐத் தாண்டியது. மோட்டார் பழுது என்று முடிவு செய்து புதியது வாங்கவே அவர் தயாராகிவிட்டார். இரண்டு மோட்டார்களின் வயர்களையும் கன்ட்ரோலர் பக்கத்தில் மாற்றிச் செருகி மீண்டும் அளந்தோம். உயர்ந்த எண் மோட்டாரோடு நகராமல் அதே கன்ட்ரோலரிடமே நின்றது. கன்ட்ரோலரிலிருந்து வரும் மூன்று வயர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு அசைத்தபடியே அளந்தபோது, நடு வயரை அசைக்கும்போது மட்டும் எண் மாறியது. அதன் முனையில் இருந்த புல்லட் கனெக்டரின் உறையை நீக்கினால், ஈயம் வயர் இழைகளுக்குள் இறங்காமல் மேலே உருண்டையாகக் குளிர்ந்து கிடந்தது. அது ஓட்டத்தின் நடுவில் கழன்றிருந்தால் அந்தப் பக்கத்துப் பிரேக் இல்லாமல் போயிருக்கும். மறுபடி சாலிடர் செய்ததும் இரு பக்கமும் ஒத்துப் போயின.

மோட்டாரின் சுழல் நிலையைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார்களின் அட்டவணையையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். எட்டு இடங்களில் முதலும் கடைசியும் 255 என்றும், மற்ற ஆறும் 0 முதல் 200 வரையிலான அளவில் ஏறத்தாழ 33 இடைவெளியில் சிதறியும் இருந்தால் சென்சார்கள் நலம். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது மட்டும் திக்கித் திணறி, வேகம் வந்ததும் சரியாகிவிடும் மோட்டார்களில் நான் முதலில் சந்தேகிப்பது அந்த மெல்லிய சென்சார் வயரைத்தான்.

இப்போது மின்னோட்ட வரம்புகளுக்கு வருகிறேன். குழப்பம் மிகுதியாக இருப்பது இங்கேதான். மோட்டார் மின்னோட்டம் வேறு, பேட்டரி மின்னோட்டம் வேறு. பேட்டரி மின்னழுத்தத்தில் எத்தனை விழுக்காட்டைக் கன்ட்ரோலர் மோட்டாருக்குக் கொடுக்கிறதோ அதை ட்யூட்டி என்கிறோம். மோட்டார் மின்னோட்டத்தை அந்த விழுக்காட்டால் பெருக்கினால் பேட்டரி மின்னோட்டம் கிடைக்கும். மெதுவாகப் போகும்போது, ட்யூட்டி 10 விழுக்காடாக இருக்கையில், மோட்டாரில் 60 ஆம்பியர் ஓடினாலும் பேட்டரியிலிருந்து வெளியேறுவது 6 ஆம்பியர்தான். பிரேக் போடும்போதும் இதே கணக்கு எதிர்த்திசையில் நடக்கிறது.

இந்தக் கணக்கை அறியாததால் வந்த சிக்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் தன் போர்டில் பிரேக் சரியில்லை என்று கொண்டுவந்தார். வேகமாகப் போகும்போது பிரேக்கை முழுதாக இழுத்தாலும் ஏதோ லேசாகத் தடுப்பது போல்தான் இருக்கிறது, நிற்கப் போகும் நேரத்தில் திடீரென்று பிடித்து முன்னால் தள்ளிவிடுகிறது என்றார். அமைப்பைத் திறந்து பார்த்தால், மோட்டார் பிரேக் மின்னோட்டம் ஒரு பக்கத்துக்கு 40 ஆம்பியர் என்று தாராளமாகவே இருந்தது. ஆனால் பேட்டரிக்குள் திரும்பக்கூடிய மின்னோட்டத்தின் வரம்பு ஒரு பக்கத்துக்கு 5 ஆம்பியர்தான். ட்யூட்டி 80 விழுக்காடாக இருக்கும் வேகத்தில் அந்த 5 ஆம்பியர் வரம்பு, மோட்டார் பிரேக் மின்னோட்டத்தை 6 ஆம்பியரைச் சற்றே தாண்டிய அளவில் நிறுத்திவிடும். வேகம் குறையக் குறைய வரம்பு தளர்ந்து, கடைசியில் 40 ஆம்பியரும் மொத்தமாக வந்து சேரும். அவர் காலில் உணர்ந்தது இதைத்தான்.

இதை ஆற்றல் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆளும் போர்டும் சேர்ந்து 85 கிலோ, வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இயக்க ஆற்றல் ஏறத்தாழ 4,250 ஜூல். இரு பக்கமும் சேர்த்து 10 ஆம்பியர், 40 வோல்ட் என்றால் பேட்டரி ஏற்கும் திறன் 400 வாட். காற்றின் எதிர்ப்பையும் சுருளில் சூடாக வீணாவதையும் விட்டுவிட்டால், நிற்க 10 நொடிக்கு மேல் ஆகும். மணிக்கு 36 கிலோமீட்டரில் 10 நொடி என்பது மிக நீண்ட நேரம். அவருடைய பேட்டரியில் நான்கு செல்கள் இணையாக இருந்தன. ஒரு செல்லுக்கு 4 ஆம்பியர் வரை சார்ஜ் ஏற்றலாம் என்று செல்லின் தரவுத்தாள் சொன்னது. அதன்படி மொத்தம் 16, ஒரு பக்கத்துக்கு 8 ஆம்பியர் என்று உயர்த்தினோம். நேரம் 7 நொடிக்குள் வந்தது. மோட்டார் பிரேக் மின்னோட்டத்தை 30க்கு இறக்கியதில் கடைசி நேரத்து உதையும் அடங்கியது. அதற்கு மேல் பிரேக் வேண்டும் என்றால் பெரிய பேட்டரி வைக்க வேண்டும், அல்லது மெதுவாகப் போக வேண்டும். செல் தாங்காத எண்ணை எழுதி வைத்துப் பிரேக் வாங்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

பேட்டரியோடு தொடர்புடைய இன்னொரு நிகழ்வு இதைவிடத் தீவிரமானது. ஒருவருடைய வீடு மேட்டின் உச்சியில் இருந்தது. இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி, காலையில் 10 செல் தொடர் பேட்டரி 42 வோல்ட்டில் நிறைந்திருக்கும்போது நேராகச் சரிவில் இறங்குவார். பிரேக் போட்டால் மின்சாரம் பேட்டரிக்குத்தான் திரும்ப வேண்டும், அங்கோ இடமில்லை. பேட்டரி செல்களைக் காக்கும் மின்சுற்றான அவருடைய பி.எம்.எஸ். சார்ஜ், டிஸ்சார்ஜ் இரண்டையும் ஒரே வழியில் கண்காணிக்கும் வகை. செல் மின்னழுத்தம் எல்லை மீறியதும் அது பேட்டரியைத் துண்டித்துவிட்டது. போக வழியற்ற மின்சாரம் கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்களில் ஏறி, மின்னழுத்தம் நொடிப்பொழுதில் எகிறி, மிகைமின்னழுத்தப் பிழை என்று கன்ட்ரோலர் மோட்டாரைக் கைவிட்டது. சரிவின் நடுவில் பிரேக் அறவே இல்லாமல் போனது. அவர் ஓரத்துப் புல்தரையில் குதித்துச் சிராய்ப்போடு தப்பினார். மின்சாரத்தைத் திறந்து மூடும் கன்ட்ரோலரின் மாஸ்ஃபெட்டுகள் பிழைக்கவில்லை.

பி.எம்.எஸ். அதன் கடமையைத்தான் செய்தது. பிரேக் போகும் பாதையில் அது குறுக்கே இருந்ததுதான் பிரச்சினை. புதிய கன்ட்ரோலரை வைத்தபோது, பி.எம்.எஸ்.ஸைச் சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படுத்தி, மோட்டார் பக்கத்தை ஃப்யூஸ் வழியாக நேரடியாக இணைத்தோம். இதனால் தனித்தனி செல்லின் மின்னழுத்தம் அதிகமாக இறங்கும்போது காக்க யாரும் இல்லை என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதை ஈடுகட்ட, கன்ட்ரோலரில் மின்னழுத்த வெட்டு 34 வோல்ட்டில் தொடங்கி 31 வோல்ட்டில் முடியும்படி வைத்தோம். 34ஐத் தொட்டதும் இழுவை படிப்படியாகக் குறையத் தொடங்குவதால், ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். சார்ஜையும் செல்லுக்கு 4.1 வோல்ட்டோடு நிறுத்தச் சொன்னேன். சரிவில் தொடங்கும் பயணங்களுக்கு இந்த இடைவெளி அவசியம்.

இரண்டு கன்ட்ரோலர்களை, அவை தமக்குள் தகவல் பரிமாறும் வயர் இணைப்பான கேன் பஸ்ஸில் இணைக்கும்போது நினைவில் வைக்க வேண்டியவை சில உண்டு. பேட்டரி வரம்புகள் ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் தனித்தனி. பேட்டரி மொத்தம் 40 ஆம்பியர் தாங்கும் என்றால் ஒவ்வொன்றிலும் 20 என்றுதான் எழுத வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கக் கூடாது. கன்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் இரண்டிலும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ரிமோட்டின் ரிசீவர் ஒரு கன்ட்ரோலரில் மட்டும் இணைந்தால் போதும். கேன் வயரை இணைத்த நிலையில் ஒரு கன்ட்ரோலரின் பேட்டரி எதிர்மின் (நெகட்டிவ்) முனையை மட்டும் கழற்றுவது மிகவும் ஆபத்தானது. பெரிய மின்னோட்டம் அந்த மெல்லிய வயர்களின் வழியே போகப் பார்க்கும். செயலியில் மோட்டார் அமைப்பை எழுதவும் ரிமோட் அமைப்பை எழுதவும் தனித்தனிப் பொத்தான்கள் இருப்பதால், எழுதிய பிறகு இரு பக்கத்தையும் மீண்டும் படித்து எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் தவிர்ப்பதே இல்லை. ஒரு பக்கம் மட்டும் பழைய பிரேக் எண்ணில் இருந்தால், பிரேக் போடும்போது போர்டு ஒருபுறமாக இழுக்கும்.

ரிமோட் அமைப்பில், ரிசீவர் அனுப்பும் துடிப்பு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிநொடி வரை இருக்கும், நடுநிலை 1.5. உங்கள் ரிமோட்டின் உண்மையான எல்லைகளை அளந்து எழுதுங்கள். கட்டுப்பாட்டு முறையைப் பொறுத்தவரை, பின்னோக்கி ஓடாமல் பிரேக் மட்டும் பிடிக்கும் மின்னோட்ட முறையையே நான் பரிந்துரைப்பேன். ட்யூட்டி முறையில், விரலைச் சற்றுத் தளர்த்தினாலே கன்ட்ரோலர் மோட்டாரின் வேகத்தை அந்த இடத்துக்கு இறக்க முயலும். அதாவது, கேட்காமலேயே பிரேக் விழும். ஒருவர் அந்த முறையில் கிளம்பி, விரலை முழுதாக விட்டதும் போர்டு நின்று, அவர் மட்டும் முன்னால் ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் மேசையிலேயே சோதிக்க வேண்டும். சக்கரங்கள் காற்றில் இருக்க, பாதி வேகத்தில் ஓடும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். நல்ல ரிசீவர் துடிப்பை நிறுத்திவிடும் அல்லது நடுநிலைக்குத் திரும்பும். துடிப்பு நின்றால் கன்ட்ரோலர் தன் காலக்கெடு முடிந்ததும் மோட்டாரை விட்டுவிடும். சில ரிசீவர்கள் கடைசித் துடிப்பையே பிடித்துக்கொண்டு தொடர்ந்து அனுப்பும். அப்படி ஒன்றை மேசையில் கண்டபோது, ரிமோட் அணைந்து கிடக்க, சக்கரங்கள் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தன. அந்த ரிசீவரை அன்றே கழற்றிவிட்டோம். தொடர்பு அறுந்தால் முழுப் பிரேக் விழும்படி அமைக்கச் சிலர் கேட்பதுண்டு. ஓட்டுபவர் எதிர்பாராத பிரேக் அவரைத் தூக்கி எறியும் என்பதால் நடுநிலையே நல்லது.

வேக வரம்பைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். 14 காந்தத் துருவங்கள் கொண்ட 190 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 190 சுழற்சி) மோட்டாரில் துருவ இணைகள் 7. முழு சார்ஜில் 10 செல் தொடருக்கு மின் சுழற்சி, அதாவது மோட்டார் சுழற்சியைத் துருவ இணைகளால் பெருக்கியது, நிமிடத்துக்கு 55,860 வரும். 12 செல் தொடருக்கு 67,032. பழைய நான்காம் தலைமுறைக் கன்ட்ரோலர்களில் 60,000 என்பதே பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. ஆகவே அவற்றில் 12 செல் வைக்க விரும்புபவர்கள் கே.வி. குறைந்த மோட்டாரைத் தேட வேண்டும்.

ஃபர்ம்வேர் புதுப்பித்தால் அமைப்புகள் அழிந்துவிடலாம் என்பதால், அதற்கு முன் மோட்டார் அமைப்பையும் ரிமோட் அமைப்பையும் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் ஏதேனும் வெட்டு நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் மின்சாரத்தை அணைக்காமல் செயலியை இணைத்து, டெர்மினல் பகுதியில் பிழைகளைக் கேட்கும் கட்டளையைக் கொடுங்கள். அணைத்து மீண்டும் ஏற்றினால் அந்தப் பதிவு போய்விடும். மிகைமின்னழுத்தமா, மாஸ்ஃபெட் சூடா, உச்ச மின்னோட்டமா என்பதோடு, அந்தக் கணத்தின் மின்னழுத்தம், மின்னோட்டம், ட்யூட்டி எல்லாம் அதில் இருக்கும். என்னிடம் உதவி கேட்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினால், மூன்று விஷயங்களை முதலில் பார்ப்பேன்: அந்த நேரத்தில் பிரேக் போட்டுக்கொண்டிருந்தீர்களா, பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தது, பிழை இரு பக்கமும் வந்ததா ஒரு பக்கம் மட்டுமா.