மறுமொழி: ‘வைட்டமின் ஏ மிகை’ பொருந்துமா?

> நாட்பட்ட சிறுநீரக நோயில் குருதியில் வைட்டமின் ஏ கூடுவதை ‘வைட்டமின் ஏ மிகை’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

வணக்கம் ஐயா. எனக்கு உடன்பாடில்லை. மிகை என்றதும் மாத்திரையை அள்ளி விழுங்கியவரைத்தான் படிப்பவர் நினைப்பார். இங்கே வரவு கூடவில்லை, போக்கு அடைபட்டிருக்கிறது.

கல்லீரலில் சேமித்துவைத்த வைட்டமின், ரெட்டினால் என்னும் வடிவில் புறப்படும்போது தனியே போவதில்லை. ஏறத்தாழ 21,000 டால்டன் எடையுள்ள ஒரு புரதம் அதைச் சுமந்து செல்கிறது. அவ்வளவு சிறியது சிறுநீரக வடிகட்டியில் நழுவிவிடும் அல்லவா? அதனால் டிரான்ஸ்தைரெட்டின் என்னும் பெரிய புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. சரக்கை இறக்கியதும் பிடி தளரும். தனித்துவிட்ட சிறுபுரதம் வடிகட்டியைக் கடந்து, அதையடுத்துள்ள அண்மைச் சுருள் நுண்குழலில் உறிஞ்சப்பட்டுச் சிதையும். வடிகட்டல் குன்றினால் இந்தக் கடைசிக் கட்டம் தடைபடுகிறது. புரதம் குருதியிலேயே தங்க, ரெட்டினால் அளவும் ஏறுகிறது. டயாலிசிஸ் இதற்கு உதவுவதில்லை. சிறுநீரக நோயாளிகளுக்கென்றே தயாரிக்கும் வைட்டமின் மாத்திரைகளில் பெரும்பாலும் ஏ இல்லாததும் இதனால்தான்.

ஆகவே ‘வைட்டமின் ஏ தேக்கம்’ என்பேன். சிறுநீர்த் தேக்கம் என்று முன்பே வழங்குகிறோம். ‘மிகை’யை, அளவுக்கு மேல் உட்கொண்டு நச்சாகும் நிலைக்கு விட்டுவைப்போம்.

இன்னொன்று. ரெட்டினாலைச் சுமக்கும் அந்தச் சிறுபுரதத்துக்கு வழங்கும் ‘ரெட்டினால் பிணைப்புப் புரதம்’ வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. வேலையைச் சொல்லும்படி ‘ஏந்துபுரதம்’ எனலாம். சரக்கில்லாததை ‘வெற்றேந்துபுரதம்’ என்று புணர்த்திப் பார்த்தேன், நாக்கு ஒத்துழைக்கவில்லை. ‘வெறும் ஏந்துபுரதம்’ போதும்.

—

தேக்கம் சரிதான் அம்மா. எதன் தேக்கம் என்பதில்தான் சிக்கல். நீங்கள் விளக்கியபடியே முதலில் தேங்குவது புரதம். ‘வைட்டமின் ஏ தேக்கம்’ என்றால் கல்லீரல் இருப்பு நிரம்பி வழிவதாகவும் படும். குருதி அளவை வைத்து அந்த இருப்பைக் கணிக்க முடியாதே! இந்த நோயில் அப்படிக் கணிப்பது இன்னும் தவறு. ‘குருதி ரெட்டினால் தேக்கம்’ எனலாமா? சற்று நீளம்.

—

ஏற்கிறேன் ஐயா. நான் கவனிக்காத இடம் அது. முதல்முறை முழுமையாக எழுதிவிட்டு, பிறகு ‘ரெட்டினால் தேக்கம்’ என்று சுருக்கலாம். ‘ஏந்துபுரதம்’ பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?