புதுப்பிப்பு: சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை வகுப்புச் சோதனை

முன்பு எழுதியதன் சுருக்கம்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் நடத்தும் தமிழ் வகுப்பில், 12 பிள்ளைகளுக்கு 10 சொற்களைப் படத்துடனும் 10 சொற்களை ஆங்கிலப் பொருளுடனும் கற்பித்தேன். மொத்தம் 240 விடைகள். படமே வென்றது என்று குதித்தேன்.

குதித்தது தவறு. ஒரே பிள்ளையின் 20 விடைகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. நன்றாகப் படிக்கும் பிள்ளை இரண்டு பட்டியலிலும் நன்றாகவே எழுதும். எனவே 240 தனித்தனித் தரவுகள் என்னிடம் இல்லை, 12 பிள்ளைகள்தான் இருந்தார்கள். சொற்களிலும் இதே சிக்கல்: படப் பட்டியலில் ‘யானை’, ‘மாம்பழம்’; மற்றதில் ‘பொறுமை’, ‘நேற்று’. வென்றது படமா, யானையா? பிள்ளைகளைப் போலவே சொற்களையும் ஒரு பெருந்திரளிலிருந்து எடுத்த மாதிரியாகவே (sample) கருத வேண்டும் என்று உளமொழியியல் ஆய்வாளர் ஹெர்பர்ட் கிளார்க் 1973இலேயே எச்சரித்திருக்கிறார்.

பெற்றோரிடம் மீண்டும் ஒப்புதல் வாங்கி, புதிய சொற்களோடு திரும்பச் செய்தேன். (காவடி வாரத்தில் பாதி வகுப்பு காலி, அதனால் தள்ளிப்போயிற்று.) இம்முறை எந்தப் பட்டியலுக்குப் படம், எது முதலில் என்பதை மாற்றி மாற்றி நான்கு குழுக்கள், குழுவுக்கு மூவர். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தேன்.

12 பேரில் 9 பேர் படத்தில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். எத்தனை பேர் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதை மட்டும் எண்ணும் குறிச் சோதனையில் (sign test) இருபக்க p மதிப்பு ஏறத்தாழ 0.15. அதாவது, இரண்டு முறைக்கும் வேறுபாடே இல்லாவிட்டாலும், ஏதாவது ஒரு பக்கம் இவ்வளவோ இதற்கு மேலோ சாய்வதற்குத் தற்செயலாகவே ஏறத்தாழ 15% வாய்ப்பு உண்டு. படத்தால் பயனில்லை என்று இதற்குப் பொருளல்ல. 12 பேரை வைத்து இதற்குமேல் சொல்ல முடியாது. பக்கத்து வகுப்பு ஆசிரியை தம் பிள்ளைகளையும் சேர்க்கச் சம்மதித்திருக்கிறார். பிடித்த முடிவு வந்ததும் நிறுத்திவிடாமல் இருக்க, எத்தனை பேர் சேர்ந்ததும் நிறுத்துவது என்பதை இப்போதே எழுதிவைத்துவிட்டேன்.