குளிர் வருவதற்கு முன்னால் ஃபர்னஸை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டொரொன்டோ, பிராம்ப்டன், மார்க்கம் பக்கம் புதிதாக வந்து வீடு வாங்கியவர்களுக்கும், முழு வீட்டை வாடகைக்கு எடுத்தவர்களுக்கும் இது. இங்கே பெரும்பாலான வீடுகளில் பேஸ்மென்ட்டில், வீட்டைச் சூடாக்கும் ஒரு கேஸ் ஃபர்னஸ் இருக்கும். செப்டம்பர் கடைசியில், வெளியே இன்னும் 12, 15 டிகிரி இருக்கும்போதே, அதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அந்த வாரத்தில் பழுது தெரிந்தால் டெக்னீஷியன் சாவகாசமாக வருவார். ஜனவரியில் மைனஸ் 20 அடிக்கும்போது தெரிந்தால், ஊரே அவருக்கு போன் போட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் முதல் குளிர்காலத்தில் மகளுக்கு ஒன்பது மாதம். ஒருநாள் இரவு பதினோரு மணிக்குப் பார்த்தால் வீட்டுக்குள் 14 டிகிரி. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டை, அதாவது வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியை, கூட்டினேன், குறைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. டெக்னீஷியன் மறுநாள் மதியம்தான் வந்தார். வந்தவர் ஃபர்னஸைத் தொடவே இல்லை. பேஸ்மென்ட் படிக்கட்டின் மேலே சுவரில் இருந்த ஒரு சுவிட்சைப் போட்டார், ஓட ஆரம்பித்துவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் அதை விளக்கு சுவிட்ச் என்று நினைத்து அணைத்திருக்கிறார். பார்க்க அப்படியேதான் இருந்தது, மேலே எதுவும் எழுதியும் இல்லை. குழந்தையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த அந்த ராத்திரி வேறு யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆகவே முதல் வேலை, அந்த சுவிட்சைக் கண்டுபிடிப்பது. படிக்கட்டின் மேலே இருக்கும், இல்லையென்றால் ஃபர்னஸின் பக்கவாட்டிலோ அருகில் உள்ள சுவரிலோ இருக்கும். சில வீடுகளில் சிவப்புத் தகடு போட்டிருப்பார்கள். அதன் மேல் ஒரு டேப் ஒட்டி, தமிழிலேயே ‘ஃபர்னஸ், தொடாதீர்கள்’ என்று எழுதிவையுங்கள். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கும் புரியும்.

இனி சோதனை. தெர்மோஸ்டாட்டை ‘ஹீட்’ நிலையில் வைத்து, அறையின் வெப்பத்தைவிட 3 டிகிரி கூட்டிவிட்டு, உடனே கீழே போய் ஃபர்னஸ் பக்கத்தில் நில்லுங்கள். கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. முதலில் ஒரு சின்ன மோட்டார் ‘உர்ர்’ என்று சுற்றத் தொடங்கும். எரிந்த புகையை வெளியே இழுத்துத் தள்ளுவது அதன் வேலை. காற்று சரியாக இழுபடுகிறது என்பதைப் பிரஷர் சுவிட்ச் உறுதி செய்த பிறகுதான் அடுத்த கட்டம். ஒரு சின்ன இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று பழுக்கும். அதற்கு அரை நிமிடம் போல ஆகலாம். அப்புறம் ‘டக்’ என்று கேஸ் வால்வு திறக்கும், பர்னர்கள் வரிசையாகப் பற்றிக்கொள்ளும். நெருப்பு நீலமாக, நிதானமாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடி அலைந்தால் ஃபர்னஸை அணைத்துவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். பற்றி அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்துப் பெரிய காற்றாடி சுற்றத் தொடங்கி, அறைகளுக்குச் சூடான காற்று போகும். வருஷத்தின் முதல் ஓட்டத்தில் தூசி கருகும் வாசனை கொஞ்ச நேரம் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கதையே வேறு. எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே போய், வெளியிலிருந்து கேஸ் கம்பெனியின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். அந்த எண் உங்கள் பில்லில் அச்சிட்டிருக்கும். இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை உங்களுக்கே புரிந்துவிடும். சின்ன மோட்டாரே சுற்றவில்லையா? சுவிட்ச், மின்பெட்டியில் உள்ள பிரேக்கர், தெர்மோஸ்டாட்டின் பேட்டரி, ஃபர்னஸின் கதவு, இந்த நாலையும் பாருங்கள். கதவு சரியாகப் பொருந்தாவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் மொத்தத்தையும் நிறுத்திவிடும். காற்றை வடிகட்டும் ஃபில்டரை மாற்றிய மறுநாள் ஃபர்னஸ் ஓடவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். மோட்டார் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லையா? பனிபொழிந்த மறுநாளாக இருந்தால் வெளியே போய்ப் பாருங்கள். இப்போதைய ஃபர்னஸ்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் குழாய் வழியாக வீட்டின் பக்கச் சுவரிலேயே மூச்சு விடுகின்றன. பனி குவிந்து அந்தக் குழாய்வாய் அடைத்திருக்கும். கையால் விலக்கிவிட்டாலே போதும். பற்றி, சில நொடிகளில் அணைந்து, மறுபடி பற்றி அணைகிறதா? நெருப்பு இருக்கிறதா என்று உணரும் மெல்லிய கம்பியில், அதாவது ஃபிளேம் சென்சாரில், அழுக்குப் படிந்திருக்கலாம். டெக்னீஷியனுக்கு அது பத்து நிமிட வேலை. காற்றாடி மட்டும் ஓடிக்கொண்டே இருந்து, நெருப்பு அடிக்கடி அணைந்தால் ஃபில்டர் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். காற்று போதாமல் உள்ளே சூடு ஏறி, லிமிட் சுவிட்ச் கேஸை நிறுத்துகிறது. ஒரு அங்குல ஃபில்டரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதன் அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும். நம் வீடுகளில் தாளிப்பு அதிகம், ஆகவே நான் மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுவேன்.

சில முறை முயன்றும் பற்றாவிட்டால் ஃபர்னஸ் தானே பூட்டிக்கொள்ளும். லாக்அவுட் என்பார்கள். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து தானே மறுபடி முயலும். சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் போட்டாலும் முயலும். ஆனால் அணைப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கதவில் உள்ள சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தால், உள்ளே ஒரு எல்இடி விளக்கு கண் சிமிட்டுவது தெரியும். மூன்று சிமிட்டல், நாலு சிமிட்டல் என்று அதற்கொரு கணக்கு உண்டு. அதன் அர்த்தம் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். சிமிட்டலை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தை நிறுத்தினால் அந்தக் குறியீடு அழிந்துபோகலாம். அந்த வீடியோவை அனுப்பினால் டெக்னீஷியன் சரியான பாகத்தோடு வர வாய்ப்பு இருக்கிறது. ஒரு தடவை அணைத்துப் போட்டும் மறுபடி பூட்டிக்கொண்டால், திரும்பத் திரும்ப முயலாதீர்கள். ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் அது நிற்கிறது.

சில ஃபர்னஸ்களின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு போர்டில் டெஸ்ட் மோட் உண்டு. மோட்டார், இக்னைட்டர், காற்றாடி என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியே ஓட்டிப் பார்க்கும் வசதி. அதைப் பயன்படுத்த மின்சாரம் ஓடும்போது கதவைத் திறந்து போர்டில் கைவைக்க வேண்டும், ஆகவே அதை லைசன்ஸ் உள்ளவருக்கு விட்டுவிடுங்கள். ஒன்டாரியோவில் கேஸ் வேலைக்கு, மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏ தரும் லைசன்ஸ் வேண்டும். கேட்டால் அட்டையைக் காட்டுவார், கேட்பதில் தப்பே இல்லை.

தெர்மோஸ்டாட் கெட்டுப்போனதா, ஃபர்னஸா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஃபர்னஸ் சுவிட்சை அணைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டைச் சுவரிலிருந்து கழற்றி, ‘ஆர்’, ‘டபிள்யூ’ என்று குறித்திருக்கும் இரண்டு கம்பிகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு சுவிட்சைப் போட்டால், ஃபர்னஸ் ஓட வேண்டும். ஓடினால் பழுது தெர்மோஸ்டாட்டில். இது 24 வோல்ட் கம்பி. உங்கள் சுவரில் தடித்த கம்பிகள் இருந்தால் அது சுவரோரம் தரையை ஒட்டி இருக்கும் மின்சார பேஸ்போர்டு ஹீட்டருக்கான 240 வோல்ட்டாக இருக்கலாம், அந்தப் பக்கமே போகாதீர்கள். புதுத் தெர்மோஸ்டாட் வரும்வரை வீட்டைச் சூடாக்க அவசரத்துக்கு இந்த வழி உதவும். ஆனால் இப்படி ஓடும் ஃபர்னஸுக்கு எப்போது நிற்க வேண்டும் என்று தெரியாது. நீங்கள் விழித்திருந்து சுவிட்சால் நிறுத்த வேண்டும். இரவில் அப்படி விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. பிரஷர் சுவிட்ச், லிமிட் சுவிட்ச் போன்றவற்றை இதேபோல் தாண்டி ஓட்டலாம் என்று வீடியோக்கள் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டுக்குள் நச்சுப் புகையும் தீயும் வராமல் காப்பது அவைதான்.

‘எங்கள் தெர்மோஸ்டாட்டில் எமர்ஜென்சி ஹீட் என்று இருக்கிறதே, அது எதற்கு?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படியென்றால் உங்கள் வீட்டில் ஹீட் பம்ப், அதாவது வெளியே உள்ள சூட்டை எடுத்து உள்ளே தரும் மின்கருவி, இருக்கிறது. சில வீடுகளில் ஹீட் பம்பும் கேஸ் ஃபர்னஸும் சேர்ந்தே இருக்கும். மிதமான குளிரில் ஹீட் பம்ப் ஓடும். வெளியே ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் ஃபர்னஸ் பொறுப்பேற்கும், அது தானாக நடக்கும். எமர்ஜென்சி ஹீட் நீங்கள் கையால் போடுவது. ஹீட் பம்பை ஒதுக்கிவிட்டு ஃபர்னஸை மட்டும் ஓட்டச் சொல்வது. ஹீட் பம்ப் பழுதானாலோ, வெளியே உள்ள பெட்டி முழுக்க ஐஸ் கட்டிவிட்டாலோ அதைப் போடுங்கள். இப்படிப்பட்ட வீடுகளில் செப்டம்பர் சோதனையை இரண்டு தடவை செய்ய வேண்டும், சாதாரண ‘ஹீட்’ நிலையில் ஒன்று, எமர்ஜென்சி ஹீட்டில் ஒன்று. ஹீட் பம்பே போதுமாக இருக்கும் மாதங்களில் ஃபர்னஸ் ஓடாது, ஆகவே அதில் பழுது இருந்தால் ஜனவரியில்தான் தெரியவரும்.

மின்சாரம் போனால் கேஸ் ஃபர்னஸும் நின்றுவிடும், இது பலருக்குத் தெரியாது. கேஸ் வந்துகொண்டுதான் இருக்கும், மோட்டாரும் போர்டும் ஓட மின்சாரம் வேண்டும். 2013 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு வந்த பனிக்கட்டிப் புயலில் டொரொன்டோவில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சிலருக்குத் திரும்பி வரப் பல நாட்கள் ஆயின. அதுபோல் ஆனால் எல்லோரும் ஒரே அறைக்கு வாருங்கள், கதவுகளை மூடுங்கள், ஜன்னல்களில் போர்வை கட்டுங்கள். கேஸ் ஃபயர்பிளேஸ் இருந்தால், எப்போதும் ஒரு சின்ன நெருப்பு எரிந்துகொண்டிருக்கும் பழைய பைலட் வகை பெரும்பாலும் மின்சாரம் இல்லாமலே எரியும். புதியவற்றில் பேட்டரி போடும் இடம் இருக்கும். இதையும் செப்டம்பர் சோதனையின்போதே பார்த்துவையுங்கள். வீடு ரொம்பக் குளிர ஆரம்பித்தால் மெயின் தண்ணீர் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடியவிடுங்கள். குழாய் உறைந்து வெடித்தால் செலவு ஃபர்னஸைவிடப் பெரிது.

ஜெனரேட்டர் வாங்குவதாக இருந்தால் ஃபர்னஸுக்கு இணைப்பு கொடுக்க லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு, வெளி மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் போடுங்கள். சில சின்ன ஜெனரேட்டர்களில் ஃபர்னஸ் பற்றி உடனே அணைந்துவிடும், காரணம் நெருப்பை உணரும் சர்க்யூட்டுக்குச் சரியான எர்த்திங் தேவை. அதனால் வாங்கிய உடனே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஜெனரேட்டர் எப்போதும் வீட்டுக்கு வெளியே, ஜன்னல்களைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும். கராஜ் கதவைத் திறந்துவைத்தாலும் உள்ளே கூடாது.

ஃபர்னஸ் மட்டும் பழுது, மின்சாரம் இருக்கிறது என்றால் எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் ஒன்று போதும், ஒரு அறையைக் காப்பாற்றும். அது 1500 வாட் இழுக்கும். ஒரு சர்க்யூட்டில் ஒன்றுதான், எக்ஸ்டென்ஷன் வயரில் போடவே கூடாது.

கார்பன் மோனாக்ஸைடைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயு அது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் ஊரில் ஒரு குடும்பத்தில் நால்வர் அதில் இறந்துபோனார்கள், அவர்களில் இருவர் பிள்ளைகள். அவர்கள் பெயரிலேயே சட்டம் வந்து, 2014 முதல் ஒன்டாரியோ வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அலாரம் கட்டாயம். நான் ஒவ்வொரு மாடியிலும் ஒன்று வைத்திருக்கிறேன். ஃபர்னஸ் சோதனை செய்யும் நாளிலேயே அலாரத்தின் பட்டனையும் அழுத்திப் பாருங்கள், பின்னால் அச்சிட்டிருக்கும் காலாவதி வருஷத்தையும் பாருங்கள். குளிருக்காகச் சமையலறை ஓவனைத் திறந்துவைத்து எரிக்காதீர்கள். அப்புறம், நம் பொங்கல் இங்கே கொடும் குளிரில் வருகிறது. வெளியே நிற்க முடியவில்லை என்று கராஜுக்குள் கரியோ விறகோ மூட்டிப் பொங்கல் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கராஜை ஒட்டிய சுவருக்கு அப்பால்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள். பத்து நிமிடம் முற்றத்தில் நின்று பால் பொங்கவிட்டு, மீதியை உள்ளே அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பி, தெர்மோஸ்டாட் மேல்மாடியில் இருப்பதாகவும் கீழே 17 டிகிரிதான் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். டொரொன்டோ மாநகர விதிப்படி, வாடகை வீட்டில் வெப்பம் கொடுக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது என்றால், குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, நேரத்தோடு படம் எடுத்து, முதலில் வீட்டுக்காரருக்கு மெசேஜாக அனுப்புங்கள். தீராவிட்டால் மாநகர சேவை எண்ணான 311-ஐக் கூப்பிடுங்கள். நம்மவர் வீடாயிற்றே, எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள் தம்பி. உங்களுடையது கைக்குழந்தை இருக்கும் வீடு.

கதவைத் தட்டி ‘உங்கள் ஃபர்னஸ் ஆபத்தானது, புதிது மாட்டித் தருகிறோம்’ என்று வருபவர்களை உள்ளே விடாதீர்கள். நீங்கள் கூப்பிடாமல் வீடு தேடி வந்து ஃபர்னஸ் விற்பதை ஒன்டாரியோ 2018 மார்ச்சிலேயே தடை செய்துவிட்டது.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் ஃபர்னஸை அணைத்துவிட்டுப் போகாதீர்கள், 15, 16 டிகிரியில் விட்டுச் செல்லுங்கள். தெர்மோஸ்டாட்டுக்குப் புது பேட்டரி போடுங்கள், மெயின் தண்ணீரை மூடுங்கள். உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸில் எத்தனை நாளுக்கு ஒருமுறை யாராவது வந்து பார்க்க வேண்டும் என்று இருக்கும், அதைப் படித்துவிடுங்கள். சாவியைக் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரரை ஒருநாள் தேநீருக்கு அழைத்து, அந்த ஃபர்னஸ் சுவிட்சையும் ஃபர்னஸின் வெளிக் குழாய்களையும் நேரில் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.