கச்சாப் பொருளை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடுத்தால் போதுமா?

கேள்வி (செம்மண்):
பூமியிலிருந்து எடுப்பதை அப்படியே கப்பலில் ஏற்றிவிட்டு, அதிலிருந்து செய்த பொருளைப் பல மடங்கு விலைக்குத் திரும்ப வாங்குகிறோம் என்ற ஆதங்கம் வளமுள்ள பல நாடுகளில் கேட்கிறது. கபோன் 2010இல் மரத்தடி ஏற்றுமதியை நிறுத்தியது. இந்தோனேசியா 2020 ஜனவரி முதல் நிக்கல் தாது வெளியே போவதைத் தடை செய்தது. ஜிம்பாப்வே 2022 டிசம்பரில் லித்தியத் தாதுவுக்குத் தடை கொண்டுவந்தது. தடை போட்டால் ஆலைகள் தாமாக வந்துவிடுமா, அல்லது அதற்கு முன்பே வேறு ஏதேனும் அமைந்திருக்க வேண்டுமா? தொழிலை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (உலைக்களம்):
பதப்படுத்துவது ஒரே வேலையன்று, பல படிகள் கொண்டது. ஒவ்வொரு படிக்கும் கணக்கு வேறு. செம்புத் தாதுவில் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூடச் செம்பு இருக்காது. அந்தக் கல்லைக் கடல் தாண்டி அனுப்புவது எவருக்கும் கட்டுப்படியாகாது என்பதால், சுரங்கத்தின் அருகிலேயே பொடித்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்து, 25 முதல் 30 விழுக்காடு செம்புள்ள செறிவாக்கிய பிறகே ஏற்றுகிறார்கள். இதற்குச் சட்டம் தேவைப்படவில்லை.

அலுமினியத்தில் நிலைமை தலைகீழ். ஏறத்தாழ 4 டன் பாக்சைட் என்ற தாதுவிலிருந்து 2 டன் அலுமினா என்ற வெண்பொடியும், அதிலிருந்து 1 டன் அலுமினியமும் கிடைக்கின்றன. கடைசிப் படிக்கு மட்டும் டன்னுக்கு 14,000 யூனிட் அளவில் மின்சாரம் வேண்டும். அதுவும் இடைவிடாமல் வேண்டும், ஏனெனில் சில மணி நேரம் மின்சாரம் நின்றாலே உருகிய குழம்பு உறைந்து தொட்டிகள் பாழாகிவிடும். பாக்சைட்டே இல்லாத ஐஸ்லாந்து நீர்மின்சாரத்தையும் புவிவெப்ப மின்சாரத்தையும் கொண்டு அலுமினியம் உருக்குவதும், பாக்சைட் இருப்பில் முன்னணியில் உள்ள கினி பெரும்பகுதியை மண்ணாகவே அனுப்புவதும் இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆலை வந்தால் கழிவும் இங்கேயே தங்கும். அலுமினா எடுத்தபின் எஞ்சும் சிவப்புச் சேறு கடும் காரத்தன்மை உடையது. 2010 அக்டோபரில் ஹங்கேரியில் அதைத் தேக்கியிருந்த கரை உடைந்து 10 பேர் இறந்தார்கள்.

மறுமொழி (முந்திரிக்காடு):
மின்சாரத்தைப் போலவே கைத்திறனும் ஒரு வளம்தான். மொசாம்பிக்கில் 1990களில் உலக வங்கியின் கடன் நிபந்தனையால் கச்சா முந்திரிக் கொட்டை மீதான ஏற்றுமதி வரி குறைக்கப்பட்டது; கொட்டைகள் இந்தியாவுக்குப் போயின, மொசாம்பிக்கில் இருந்த ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். வரிக்குறைப்பு பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த ஆலைகளின் பெரிய இயந்திரங்கள் பருப்பை அதிகமாக நொறுக்கின என்பதும் உண்மை. முழுப்பருப்புக்குக் கிடைக்கும் விலை உடைந்ததற்குக் கிடைக்காது.

கையால் உடைப்பவர்களின் வேலையைப் பார்த்தால் இது புரியும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பதால் விரல்களில் சாம்பலையோ வேறு எண்ணெயையோ பூசிக்கொண்டு, கொட்டையை விளிம்பில் நிறுத்தி, உள்ளே பருப்பு முழுதாக நிற்க ஓடு மட்டும் பிளக்கும்படி அளந்து தட்டுகிறார்கள். 2000க்குப் பிறகு மொசாம்பிக்கின் வடக்கில் சிறிய ஆலைகள், கொட்டைகளை ஆவியில் வேகவைத்து ஒவ்வொன்றாகக் கைக்கருவியால் பிளக்கும் முறையோடுதான் மீண்டும் எழுந்தன.

கேள்வி கேட்டவர் (செம்மண்):
அப்படியானால் தடை தேவையே இல்லை என்று கொள்ளலாமா?

மறுமொழி (துறைமுகம்):
அப்படிக் கொள்ள வேண்டாம். வாங்குபவருக்கு வேறு வழியில்லாத இடத்தில் தடை பலன் தருகிறது. நிக்கல் உற்பத்தியில் இந்தோனேசியாவே முதலிடத்தில் இருப்பதால், தடைக்குப் பின் உருக்காலைகள் சுலவேசித் தீவுக்கே வந்தன. எனினும் அவற்றில் பெரும்பாலானவை சீன முதலீட்டில் எழுந்தவை. நிலக்கரி மின்சாரத்தில் ஓடுபவை. 2023 டிசம்பரில் அத்தீவின் மொரோவாலியில் ஓர் உருக்காலை வெடித்து 21 தொழிலாளர்கள் உயிரிழந்ததை, ஏற்றுமதி வருவாயைக் கணக்கிடும்போது விட்டுவிடக் கூடாது. தடை விதிகளுக்கு மாறானது என்று 2022 நவம்பரில் உலக வணிக அமைப்பின் தீர்ப்புக் குழு சொன்னது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது.

போட்ஸ்வானா வேறு வழியில் சென்றது. டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை 2011இல் புதுப்பித்தபோது பேரம் பேசி, அதுவரை லண்டனில் நடந்த கச்சா வைர விற்பனையை 2013இல் தன் தலைநகர் காபரோனுக்கு வரவழைத்தது. கற்களை அளவு, வடிவம், தரம், நிறம் என்று பிரிக்கும் வேலையும் அங்கே வந்தது. அதற்குப் பல ஆண்டுப் பயிற்சியில் பழகிய கண் பெரிதும் தேவைப்படும். பட்டை தீட்டுவது இன்னும் பெரும்பாலும் சூரத்தில்தான் நடக்கிறது. ஆகவே தடைச் சட்டத்தை எழுதுவதற்கு முன், சுரங்க உரிமங்கள் எந்த ஆண்டில் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதைப் பார்க்கச் சொல்வேன். பயிற்சி, பணியாளர் பாதுகாப்பு, கழிவுத் தேக்கம் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கக்கூடிய நாள் அதுதான்.