லேன் அசிஸ்ட் அடிக்கடி கைவிடுகிறது: கேமரா கோளாறா, ரோடு கோளாறா?

வண்டலூர்வாசி:
சென்னை–திருச்சி நாலுவழிச் சாலையில் 90-ல் போகும்போது லேன் கீப் அசிஸ்ட் (கேமராவால் சாலைக் கோடுகளைப் பார்த்து வண்டியை லேனுக்குள் வைத்திருக்கும் வசதி) அடிக்கடி கைவிடுகிறது; டேஷ்போர்டில் அதன் விளக்கு பச்சையிலிருந்து சாம்பலாகிவிடுகிறது. சர்வீஸ் ரோடு பிரியும் இடங்களில் ஸ்டியரிங் லேசாக இடப்பக்கம் இழுக்கிறது. கல் பட்டு முன்கண்ணாடி மாற்றிய வண்டி. வார்னிங் லைட் எதுவும் இல்லை. கேமராவைச் செக் பண்ணச் சொல்லலாமா, இல்லை நம்ம ரோட்டுக்கு இவ்வளவுதானா?

கோடுகோணம்:
சாம்பலாவது பெரும்பாலும் ரோட்டால். டயர் ஏறி ஏறி மங்கிய கோடு, மீடியன் ஓரம் மண் மூடிய கோடு, டோல் பிளாசாவுக்கு முன்னும் பின்னும் கோடே இல்லாத அகலம், எல்லாமே கேமராவுக்கு இருட்டுதான். மழை இரவு இன்னும் மோசம். பெயின்டில் கலந்திருக்கும் கண்ணாடி மணிகள்தான் ஹெட்லைட் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. மேலே தண்ணீர் நின்றால் அந்த வேலை நடக்காது. இல்லாத கோட்டைப் பார்ப்பதும் உண்டு: விரிசலில் ஊற்றிய தார்ப் பட்டை எதிர்வெயிலில் பளபளத்தால் போதும்.

இடப்பக்க இழுப்புக்குக் காரணம் வேறு. பிரியும் இடத்தில் இடக்கோடு சர்வீஸ் ரோட்டோடு வளைந்து போகும், அல்லது அறுந்துவிடும். சிஸ்டம் வளைந்த கோட்டைப் பிடித்துக்கொள்ளும்; இல்லையென்றால் அகன்ற இடத்துக்கு நடு எது என்று தேடும். இரண்டிலும் வண்டி இடப்பக்கம் சாயும். 90-ல் ஒரு நொடிக்கு 25 மீட்டர், கை ஸ்டியரிங்கிலேயே இருக்கட்டும்.

அலைன்மென்ட்:
கேமரா முன்கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது, அதனால் கண்ணாடி மாற்றியதை லேசாக விடாதீங்க. கேமரா 1 டிகிரி திரும்பியிருந்தால் 50 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 87 செ.மீ. தப்பு. லேன் 3.5 மீட்டர், கார் 1.8 மீட்டர் என்றால் பக்கத்துக்கு 85 செ.மீ.தான் இடம், மொத்தமும் போச்சு. இவ்வளவு சின்னக் கோணத்துக்கு வார்னிங் லைட் வரும் என்று நம்ப முடியாது.

கோடு பளிச்சென்று இருக்கும் நேர்ச்சாலையில் பகலில் பாருங்க. எப்போதும் ஒரே பக்கம் ஒட்டிப் போனாலோ, ஒரு பக்கம் மட்டும் சீக்கிரமே எச்சரித்தாலோ காலிப்ரேஷன் (கேமராவின் கோணத்தைச் சரிபார்த்துப் பதிவது) சந்தேகம்தான். பில்லில் கேமரா காலிப்ரேஷன் தனி வரியாக இருக்கிறதா? இல்லையென்றால் கேளுங்க. முதலில் வீல் அலைன்மென்ட், டயர் காற்று, காலி டிக்கி. அப்புறம் காலிப்ரேஷன்: சமதளத்தில் டார்கெட் போர்டு (கேமரா பார்க்க வைக்கும் குறிப்பலகை) வைத்து, அல்லது ஸ்கேன் டூலை (காரின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) மாட்டிக் கோடுள்ள சாலையில் ஓட்டிச் செய்வார்கள். உங்க மாடலுக்கு எது என்று சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

கேமரா முன்னால் ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்க. நிறையப் பேர் அங்கேதான் ஒட்டுகிறார்கள்!

வண்டலூர்வாசி:
பில்லில் அந்த வரி இல்லை. கேட்கிறேன். மீடியன் இல்லாத இருவழிச் சாலையில் ஆன் பண்ணி வைக்கலாமா?

கோடுகோணம்:
ஸ்டியரிங்கைத் தானே திருப்பும் திருத்தத்தை ஆஃப் செய்து எச்சரிக்கையை மட்டும் வையுங்க. பல மாடல்களில் 60-க்குக் கீழே இது வேலையே செய்யாது. அதற்கு மேலே, ஓரத்தில் போகும் டிவிஎஸ் 50-க்கு விலக ஸ்டியரிங்கைத் திருப்பினால், கோட்டைத் தாண்டுகிறீர்கள் என்று எதிர்த்துத் தள்ளும். இண்டிகேட்டர் போட்டால் விட்டுவிடும். ஆனால் பள்ளத்துக்கு ஒதுங்க யார் இண்டிகேட்டர் போடுகிறார்கள்? எதிர்ப்பு பெரிதில்லை, ஒரு கையாலேயே மீறலாம். திடீரென்று வரும்போதுதான் பதறவைக்கும்.

அலைன்மென்ட்:
கை வைத்திருந்தும் "ஸ்டியரிங்கைப் பிடிக்கவும்" என்று வந்தால் அது கோளாறில்லை. பல கார்களில் தொடுகையை அறியும் சென்சார் கிடையாது. சிறு முறுக்கைத்தான் தேடும். லேசாக அசைத்தால் போகும். அதை ஏமாற்ற ஸ்டியரிங்கில் தண்ணீர் பாட்டில் சொருகும் வேலை மட்டும் வேண்டாம்.