காந்தி கையெழுத்திட்ட கடிதம், ஆட்டோகிராஃப் தாள்: வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும்?

தாள்சேகரன் (கேள்வி):
பழம்பொருள் தரகர் ஒருவரிடம் இரண்டு உருப்படிகள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு பக்கக் கடிதம். 1934 பிப்ரவரி தேதி; கீழே மையில் காந்தியின் ஆங்கிலக் கையொப்பம். மற்றொன்று, ஆல்பத்திலிருந்து பிரித்தெடுத்த தாள். அதில் தமிழில் ‘மோ.க.காந்தி’. தீண்டாமை ஒழிப்புக்காகக் காந்தி திரட்டிய ஹரிஜன நிதிக்கு ஐந்து ரூபாய் கொடுத்ததற்கு அச்சடித்த தமிழ் ரசீதும் கூடவே இருக்கிறது. ‘அசல் சான்றிதழ்’ தருவதாகச் சொல்கிறார். லண்டன் ஏலத்தில் பல மடங்கு போகுமாம். அசலா என்று எப்படிச் சோதிப்பது? சட்டப்படி வாங்கலாமா, வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

ஓலைநறுக்கு:
லண்டன் பேச்சை முதலில் விடுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் பொதுவான பொருள் ‘தொல்பொருள்’ ஆவதற்கு 100 ஆண்டு வரம்பு. வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கும் ஆவணத்துக்கும் 75 ஆண்டுதான். காந்தி மறைந்தது 1948 ஜனவரி 30. அதாவது, 2023 ஜனவரியோடு அவர் கைப்பட எழுதிய கடைசிச் சீட்டும் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. இவற்றைத் தனியார் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. தபாலில் போட்டாலும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாலும் ஏற்றுமதிதான். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

உள்நாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் தொல்பொருளை வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். எண்ணைக் கேளுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள், பொருளின் விவரம் எழுதிய பில் வாங்குங்கள். கட்டாயப் பதிவு என்பது சிற்பம், ஓவியம், படம் வரைந்த சுவடி போன்ற வகைகளுக்குத்தான். வெறும் கடிதம் அதில் வராது.

2009-இல் நியூயார்க்கில் 18 லட்சம் டாலருக்குப் போன மூக்குக் கண்ணாடி, செருப்பு, சட்டைப்பைக் கடியாரம், தட்டு, கிண்ணமும், 2020-இல் பிரிஸ்டலில் 2,60,000 பவுண்டுக்குப் போன கண்ணாடியும் விற்பனைக்கு வரும்போதே வெளிநாட்டில் இருந்தவை. அந்த விலையைக் காட்டி இங்குள்ள தாளுக்கு விலை சொல்வது சரியல்ல.

மைக்கூடு:
சோதனைக்கு இரண்டு கருவி போதும்: 365 நானோமீட்டர் யூ.வி. டார்ச், 10 மடங்கு லென்ஸ்.

இருட்டறையில் டார்ச் அடியுங்கள். காகிதத்தைப் பளிச்சென்று காட்டும் வெண்மையூட்டிகள் 1950-ஐ ஒட்டித்தான் காகித ஆலைகளுக்கு வந்தன. தாள் முழுக்க நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது 1934 தாள் இல்லை. ஓரத்தில் மட்டும் திட்டாக ஒளிர்ந்தால் பிற்காலப் பசையாக இருக்கலாம். ஒளிராவிட்டாலும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். பழைய கணக்கு நோட்டுகளில் எழுதாத பக்கங்களைக் கிழித்து அதில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து லென்ஸ். அசல் தட்டச்சில் முற்றுப்புள்ளி தாளில் பள்ளமாக இறங்கியிருக்கும், பின்பக்கம் விரலால் தடவினால் தெரியும்; எழுத்துக்குள் ரிப்பன் துணியின் நெசவும் தெரியும். லேசர் அச்சு என்றால் மேலே பளபளப்பாக ஒட்டி நிற்கும். கையொப்பம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்தால் அச்சுப் படம்.

பிறகு மடிப்பு. கையொப்பம் மடிப்பைக் கடக்கும் இடத்தில் மை உடைந்த நாருக்குள் கசிந்திருந்தால், மடித்துப் பழசான தாளில் பின்னால் எழுதியிருக்கிறார்கள். கோட்டின் தொடக்கமும் முடிவும் கூராக ஓடி மறைய வேண்டும். பார்த்து வரைந்தவர் கையில் நுனி மழுங்கும், நடுக்கம் தெரியும். தாளைத் தலைகீழாக வைத்து ஒப்பிட்டால் கண் ஏமாறாது.

ஒரு எச்சரிக்கை: காந்தி இரண்டு கையாலும் எழுதியவர். வலது கை அசந்தால் இடது கைக்கு மாறுவார், அந்த எழுத்து வேறு மாதிரி இருக்கும். அதே காலம், அதே மொழி, அதே கை என்று மாதிரி எடுத்து ஒப்பிடாமல் போலி என்று சொல்லிவிடாதீர்கள்.

ஓலைநறுக்கு:
கடிதத்தின் உள்ளடக்கத்தையும் பாருங்கள். காந்தி எழுத்துகளின் தொகுப்பு நூல் 100 தொகுதிகள், காந்தி ஹெரிடேஜ் போர்ட்டல் இணையதளத்தில் இலவசம். தேதிவாரியாகத் தேடுங்கள்; அன்று அவர் எந்த ஊரில் இருந்தார், உங்கள் கடிதத்தின் தலைப்பில் என்ன ஊர் இருக்கிறது என்று பொருத்துங்கள். 1934 தொடக்கத்தில் ஹரிஜனப் பயணமாகத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார், அதனால் ஒரு நாள் பிசகினாலும் ஊர் மாறிவிடும். உங்கள் கடிதம் அந்தத் தொகுப்பில் அச்சாகியிருந்தால் அதன் அடியில் உள்ள குறியீடு முக்கியம். ‘எஸ்.என்.’ என்றால் அகமதாபாத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகமான சபர்மதி சங்கிரகாலயத்தில் உள்ள ஆவணத்தின் வரிசை எண். அசல் அங்கே இருக்கிறதென்றால் உங்கள் கைக்கு வருவது நகல், அல்லது களவு. ‘போட்டோஸ்டாட்டிலிருந்து’ என்று குறித்திருந்தால் அசல் வேறெங்கோ இருக்க வாய்ப்புண்டு.

அச்சுக்கோப்பு:
ரசீதைத் தள்ளிவிடாதீர்கள், எளிதில் மாட்டுவது அதுதான். கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கி ஹரிஜன நிதியில் சேர்த்தது உண்மை. தமிழில் அவர் கையெழுத்திட்டதும் உண்மை. அதனாலேயே இந்த ஜோடியைப் போலியாகச் செய்கிறார்கள்.

ரசீதில் ‘சென்னை’, ‘தலைவர்’, ‘அண்ணா’ மாதிரிச் சொற்கள் இருக்கின்றனவா பாருங்கள். 1934-இல் அச்சுக்கோத்த ‘னை’, ‘லை’ இரண்டிலும் கொம்பு எழுத்தின் தலைமேல் தும்பிக்கையாக வளைந்திருக்க வேண்டும். ‘ணா’ கீழே சுழித்திருக்க வேண்டும். இன்றைய வடிவத்தைப் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கொண்டுவந்ததே 1935 ஜனவரியில். அரசாணை வந்தது 1978-இல். ஹரிஜன நிதி ரசீதில் 1934-லேயே புது ‘னை’ இருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். கையால் எழுதிய வரிகளுக்கு இந்த அளவுகோலை வைக்காதீர்கள், அச்சுக்கு மட்டும்தான்.

தாள்சேகரன்:
ரசீதில் ‘சென்னை’ இருக்கிறது, இன்று அச்சாகும் ‘னை’யேதான்! கடிதம் டார்ச்சில் ஒளிரவில்லை. பின்பக்கம் புள்ளிகள் தட்டுப்படுகின்றன. கடிதத்தை மட்டும் வாங்கலாமா?

மைக்கூடு:
தாள் பழசாக இருக்கலாம், எழுத்து தட்டச்சில் அடித்ததுதான் என்பது வரை சரி. ஆனால் கையொப்பம் அசல் என்று அதனால் ஆகாது. மகாதேவ் தேசாய், பியாரேலால் போன்ற காந்தியின் செயலர்கள் தங்கள் பெயரில் அனுப்பிய அசல் கடிதங்களில் கீழே காந்தி கையொப்பத்தைப் போலி செய்பவர்கள் பிற்பாடு சேர்ப்பதுண்டு. ‘நான்’ என்று பேசுவது யார் என்று வாசகத்தைப் படித்துப் பாருங்கள். கடிதம் யாருக்கு எழுதப்பட்டது, அவர் குடும்பத்திலிருந்து தரகர் கைவரை எப்படி வந்தது என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தாள் கேளுங்கள். சான்றிதழில் எந்த மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள் என்று இல்லாவிட்டால் அதை நம்பி ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்காதீர்கள். போலி ரசீதைக் கொண்டுவந்தவரிடம் முழுப் பணத்தையும் முன்னால் தர வேண்டாம். ஆவண நிபுணர் அறிக்கை வந்தபின் மீதி, போலி என்றால் முழுத்தொகை திருப்பம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அதுவரை லேமினேட் செய்வது, செலோடேப் ஒட்டுவது இரண்டும் கூடாது. நிபுணர் பார்க்க வேண்டிய மையும் நாரும் அதில் கெட்டுவிடும்.