செல்லுக்குள் இரண்டு புரதம் சேருகிறதா? நானோபிட் ஓட்டியவர்கள் எழுதுங்கள்

எட்டாம்_மாடி_லேப்
நானோபிட் என்றால், ஒளிரும் நொதியை இரண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு புரதத்தில் ஒட்டுவது; புரதங்கள் சேர்ந்தால் துண்டுகளும் சேர்ந்து ஒளி தரும். ஆனால் ஒளி வந்ததுமே "சேர்ந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். நானோபிட்டில் பெரிய துண்டு 18 கிலோடால்டன், சின்னது 11 அமினோ அமிலம். இரண்டுக்கும் தாமாக ஒட்டும் ஆசை குறைவு. பிரிகை மாறிலி (இது கூடக் கூடப் பிடிப்பு பலவீனம்) 190 மைக்ரோமோலார். ஆனால் சிஎம்வி போன்ற வலுவான ப்ரொமோட்டர் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) போட்டுச் செல்லைப் புரதத்தால் நிரப்பினால், காலை எட்டரை மணி எம்ஆர்டி ரயில் மாதிரி, சம்பந்தமில்லாததும் உரசும். எச்எஸ்வி-டிகே போன்ற மந்தமான ப்ரொமோட்டரே நல்லது.

டேக் (ஒட்டும் துண்டு) புரதத்தின் எந்த முனையில் என்று யூகிக்க வேண்டாம். முனைகளையும் துண்டுகளையும் மாற்றிப் போட்டால் 8 சேர்க்கை. எட்டையும் ஒரே ப்ளேட்டில் ஓட்டுங்கள். ஒன்று மட்டும் எரிந்து மற்றவை இருட்டாகவே இருக்கலாம். வெள்ளை 96-வெல் ப்ளேட், வெல்லுக்கு ஒவ்வொரு பிளாஸ்மிட்டும் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையம்) 50 நானோகிராம். 24 மணி நேரம் கழித்து, சீரம் இல்லாத மீடியம் 100 மைக்ரோலிட்டர், அதன்மேல் சப்ஸ்ட்ரேட் (நொதி ஒளி தரப் பயன்படுத்தும் பொருள்) கலவை 25. சீரத்தை விட்டுவைத்தால் வெற்று வெல்லிலும் பின்னணி ஏறும்.

புவனவிஸ்தா
அக்கா, கன்ட்ரோல் விட்டுப்போச்சே. சின்னத் துண்டை ஹாலோடேக் என்ற சம்பந்தமில்லாத புரதத்தில் ஒட்டி ஒரு வெல். அதைவிட 10 மடங்காவது கூடியிருந்தால்தான் பேச்சு. ஒட்டும் இடத்தில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றிய மியூட்டன்ட் இருந்தால் இன்னும் பலம். கருவி சரியா என்று பார்க்க எஃப்ஆர்பி–எஃப்கேபிபி ஜோடி. இந்த இரண்டு புரதங்களையும் சேர்த்துவைக்கும் ராபமைசின் விட்டதும் ஒளி ஏற வேண்டும்.

நம்ம ஊர் ஈரப்பதமும் விளையாடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த சப்ஸ்ட்ரேட் குப்பியை உடனே திறந்தால் உள்ளே தண்ணீர் கோர்க்கும். ஏசி குளிரில் ப்ளேட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஓர வெல்கள் முதலில் ஆறி, ஒளி இறங்கும். ஒளியை அளக்கும் ரீடரை முன்பே 37 டிகிரிக்கு வைத்து, ப்ளேட்டைப் பத்து நிமிடம் உள்ளே விட்டு, பிறகு படியுங்கள். ஓர வெல்களில் மாதிரி போடாதீர்கள்.

பாதி_ஒய்எஃப்பி
பைஃப்சியை (ஒய்எஃப்பி என்ற மஞ்சளாய் ஒளிரும் புரதத்தின் இரு பாதிகளை இதேபோல் ஒட்டும் முறை) கைவிடச் சொல்லவில்லை. செல்லில் எந்த இடத்தில் சேர்கிறது என்று காட்ட அதுவே அழகு. ஆனால் ஒய்எஃப்பி பாதிகள் சேர்ந்தபின் பிரியாது. மருந்து கொடுத்துப் பிரிவதைப் பார்க்க நானோபிட்தான்.

டர்போஐடி (அருகிலுள்ள புரதங்களில் பயோட்டினை ஒட்டும் நொதி) பக்கம் போகிறவர்களுக்கு: பயோட்டின் விட்டுப் பத்து நிமிடமே போதும், ஆனால் அது பக்கத்தில் நின்றவனையும் குறிக்கும். பயோட்டினைப் பிடித்துக் காட்டும் ஸ்ட்ரெப்டவிடின் பிளாட்டில் 75, 130 கிலோடால்டன் பக்கம் தெரியும் பட்டைகள் இயல்பாகவே பயோட்டின் சுமக்கும், செல்லின் சொந்தக் கார்பாக்ஸிலேஸ் நொதிகளாக இருக்கலாம். டேக் இல்லாத செல்லிலும் இருக்கிறதா பாருங்கள்.